அருகிய விலங்குகளைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கணினி விளையாட்டு: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

விளையாட்டைச் செய்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதை வெளியே கொண்டுவர ஏழு மாதம். நிரல் எழுதுவதுதான் கடினம், மற்றதெல்லாம் இரண்டு வாரத் தாள் வேலை என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். படங்களுக்கு உரிமை இல்லை என்பது பாதியில் தெரிந்தது. குரலை மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. வயதுப் படிவத்தைத் தப்பாக நிரப்பினேன். பதினான்கு நாள் சோதனையை இரண்டு முறை நடத்தினேன். நீங்களும் இதே வேலையைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நான் கடைசியில் செய்தவற்றில் பலவற்றை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்காக, தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ, சிறிய அளவில் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. ஐந்து விலங்குகள் போதும்

என் முதல் பட்டியலில் 32 விலங்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் படம், ஒலி, நான்கு வரிக் குறிப்பு, குரல் பதிவு, தகவல் சரிபார்ப்பு என்று எழுதிக் கணக்குப் போட்டபோது, ஒரு விலங்குக்குக் குறைந்தது பத்து நாள் பிடித்தது. முதல் பதிப்பில் ஐந்தே வைத்தேன். நல்லவேளை.

அழகான விலங்கு எது என்று பார்த்துப் பொறுக்காதீர்கள். எதனால் அழிகிறது என்பதைப் பார்த்துப் பொறுக்குங்கள். புலி, சிங்கம், சிறுத்தை மூன்றையும் எடுத்தால் ஒரே ஆட்டத்தை மூன்று தோல் போர்த்திக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். காரணம் வேறானால் ஆட்டமும் தானாக வேறாகும். கடலாமைக் குஞ்சுகள் கரையிலுள்ள மின்விளக்கைப் பார்த்துத் திசை மாறுகின்றன. குழந்தை விளக்குகளை அணைக்க வேண்டும். சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. காட்டின் குறுக்கே சாலை வந்தால் அதன் வழி அறுந்துபோகிறது. குழந்தை மேலே கயிற்றுப் பாலம் கட்ட வேண்டும். கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாகிட்டா என்னும் சிறு கடற்பன்றி வேறொரு மீனுக்காக விரித்த செவுள் வலையில் சிக்கிச் சாகிறது. அங்கே வலையை எடுப்பதுதான் ஆட்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாறுக் கழுகு. மாட்டுக்கு வலி குறையக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து அதன் உடலில் தங்குகிறது. மாடு செத்தபின் அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் கெடுகிறது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் மாற்றாக வந்தது. குழந்தை கால்நடை மருத்துவராகி இரண்டு குப்பிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ஆடிப் பார்த்த பிள்ளைகளுக்கு இரண்டாவது முறையே புரிந்துவிட்டது.

2. தகவல் ஏட்டை முதல் நாளே தொடங்குங்கள்

ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொரு விலங்குக்கும் இவற்றை நிரப்புங்கள்: தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், சிவப்புப் பட்டியலில் அதன் நிலை, அந்த நிலையை நீங்கள் பார்த்த தேதி, அழிவுக்கான காரணம், தகவலை எடுத்த இடம். பின்னால் யார் எதைக் கேட்டாலும் இந்த ஏடுதான் பதில் சொல்லும்.

நிலை என்று நான் சொல்வது ஐ.யூ.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் உள்ள வகையை. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. தமிழில் அவற்றை மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம், அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இவற்றை அப்படியே குழந்தைக்குக் காட்டினால் வாயில் நுழையாது. நான் நான்கு நிற இலைகளாக மாற்றிவிட்டு, சொல்லைப் பெற்றோருக்கான பக்கத்தில் வைத்தேன்.

இந்த நிலைகள் மாறும் என்பதை மறந்ததுதான் நான் செய்த பெரிய தவறு. பாண்டாவை 2016இல் அருகிய இனத்திலிருந்து அழிவாய்ப்பு இனத்துக்கு மாற்றினார்கள், பனிச்சிறுத்தையை 2017இல். இதெல்லாம் தெரிந்திருந்தும், ஆமை ஆட்டத்துக்குப் பேராமையைத் தேர்ந்தெடுத்து, ‘நான் ஓர் அருகிய இனம்’ என்று குரலிலேயே பதிவு செய்துவிட்டேன். 2025 அக்டோபரில் பேராமை கவலை குறைந்த இனமாக மாற்றப்பட்டது. ஆமைக்கு நல்ல செய்தி. எனக்கு இரண்டு வார வேலை. சில கடற்பகுதிகளில் அது இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நுணுக்கத்தை ஏழு வயதுக்கு நான்கு நொடியில் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக அழுங்காமை என்னும் வேறொரு கடலாமையை வரைந்து சேர்த்தேன். அது மிக அருகிய இனம்.

ஆகவே நிலையைக் குரலிலும் படத்திலும் சேர்க்காதீர்கள். தனிக் கோப்பில் வையுங்கள். ஒரு வரியைத் திருத்தினால் விளையாட்டு முழுக்க மாற வேண்டும். ‘காட்டில் இத்தனைதான் மிச்சம்’ என்று எண்ணிக்கை சொல்வதாக இருந்தால் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலின் தரவை மொத்தமாக அள்ளி விளையாட்டுக்குள் போடுவது வேறு கதை: வணிகம் சாராத பயன்பாட்டுக்குத்தான் அதைத் தாராளமாகத் தருகிறார்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள்.

பெயர்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எறும்புத்தின்னி என்று தேடிப் படம் எடுத்தேன். வந்தது தென் அமெரிக்காவின் நீண்ட மூக்கும் சடைவாலும் கொண்ட விலங்கு. நான் தேடியது உடம்பெல்லாம் செதில் உள்ள அழுங்கு. தமிழில் இரண்டையும் எறும்புத்தின்னி என்று சொல்லும் வழக்கம் உண்டு. அறிவியல் பெயரை வைத்தே தேடுங்கள். யானையிலும் இதே தொல்லை. ஓவியர் ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையின் பெரிய விசிறிக் காதுகளை வரைந்து அனுப்பினார். துதிக்கையும் தப்பு: ஆப்பிரிக்க யானையின் துதிக்கை நுனியில் இரண்டு விரல்போன்ற மடல்கள், ஆசிய யானைக்கு ஒன்று. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்பது வயதுப் பையன்.

எழுதியதை விலங்கியல் படித்த ஒருவரிடம் காட்டுங்கள். முழு விளையாட்டையும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். இரண்டு பக்க உரையாக அனுப்புங்கள். எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதில் ஒரு முழு ஆட்டமே போனது. தேவாங்குக்குச் சோறூட்டித் தடவிக்கொடுக்கும் ஆட்டம் அது. அதை வீட்டில் வளர்க்கலாம் என்ற ஆசையைக் குழந்தைக்கு ஊட்டுகிறீர்கள், செல்லப்பிராணி வணிகத்துக்காகவும் இவற்றைப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன். வரைபடத்தில் விலங்கு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

3. படம், ஒலி: உரிமை இல்லாமல் ஒன்றையும் சேர்க்காதீர்கள்

‘இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று வலையில் கிடைத்த படங்களைப் போட்டேன். பிறகு எது யாருடையது என்று தெரியவில்லை. பதினொரு படங்களைத் தூக்கி எறிந்தேன்.

இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் கீழ் வருகின்றன. எல்லா உரிமமும் ஒன்றல்ல. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று. அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்பது இன்னொன்று: அப்படத்தைத் திருத்தி வரைந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்பது மூன்றாவது: விளையாட்டை விற்றாலோ விளம்பரம் வைத்தாலோ அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாற்றக் கூடாது என்பது நான்காவது. பறவை ஒலிகளுக்கு எல்லோரும் போகும் சீனோ-காண்டோ தளத்தில் பல பதிவுகள் கடைசி இரண்டு நிபந்தனைகளோடுதான் இருக்கின்றன. நாற்பது நொடிப் பதிவை மூன்று நொடியாக வெட்டுவதே மாற்றம் ஆகிவிடலாம். பதிவு செய்தவருக்கு நேரே எழுதிக் கேளுங்கள். நான் ஆறு பேருக்கு எழுதினேன். நான்கு பேர் ஒரே வாரத்தில் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். ஒருவர் பணம் கேட்டார். ஒருவர் பதிலே தரவில்லை; பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறை ஊழியர்கள் பணியில் எடுத்த படங்கள் பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். கடல் உயிரினங்களுக்கு அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் படங்களைப் பாருங்கள். படத்தின் அடியில் எடுத்தவர் பெயரையும் படியுங்கள். வெளியார் படமும் நடுவே இருக்கும்.

ஏட்டில் இதற்கு ஐந்து கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோப்பின் பெயர், படமோ ஒலியோ எடுத்தவர், அது கிடைத்த வலைமுகவரி, உரிமம், நீங்கள் பதிவிறக்கிய தேதி. சம்மத மின்னஞ்சல்களை ஒரே அடைவில் சேமியுங்கள். ஓவியருக்குப் பணம் கொடுத்தால் மட்டும் உரிமை உங்களுடையதாகிவிடாது. எந்தெந்த இடத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வேலை தொடங்குமுன்.

4. எஞ்சினைத் தேர்வு செய்யுமுன் ‘கொக்கு’ என்று எழுதிப் பாருங்கள்

எஞ்சின் என்பது விளையாட்டை உருவாக்கும் மென்பொருள். நான் முதலில் எடுத்த எஞ்சினில் ஆறு வாரம் வேலை செய்தபின் தமிழைச் சேர்த்தேன். ‘கொக்கு’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ‘யானை’யின் கொம்பும் அப்படியே. திரையில் பார்த்த குழந்தை, ‘இது என்ன பாஷை?’ என்று கேட்டது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்த எஞ்சின் செய்யவில்லை. ஆறு வாரம் போனது.

கோடோ எஞ்சினின் நான்காம் பதிப்பு முதல் இந்திய மொழி எழுத்துகள் சரியாக வருகின்றன. அது முற்றிலும் இலவசம், விற்றாலும் பங்கு கேட்காது. நிரலே எழுதத் தெரியாதவர் ஸ்கிராட்சில் ஒரு மாதிரியைச் செய்து பார்க்கலாம். வகுப்பறைக்கு அதுவே போதும். எதை எடுத்தாலும் முதல் நாளில் ‘கொக்கு, யானை, மேகம், கோழி, ஸ்ரீ’ என்று எழுதி, கைப்பேசியில் ஓட்டிப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, விளையாட்டுக்குள் வைத்து வெளியிடலாம். கணினியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருக்களை நகலெடுத்து வைக்காதீர்கள்.

பொத்தான்களைத் தாராளமாக அகலமாக்குங்கள். ‘மீண்டும் விளையாடு’ என்பதை இரண்டு அங்குலத்தில் அடைக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

5. குழந்தைகள் முன்னால் சீக்கிரம் வையுங்கள்

பெட்டியும் வட்டமுமாக இருக்கும்போதே ஆடக் கொடுங்கள். நான் படமெல்லாம் வரைந்து முடித்த பிறகு கொடுத்தேன்.

ஆமைக் குஞ்சை நண்டு பிடித்தால் ‘பொத்’ என்று ஓர் ஒலி வைத்திருந்தேன். முதலில் ஆடிய சிறுமி ஒரு குஞ்சைத் தவறவிட்டாள். பொத். சிரித்தாள். அடுத்த குஞ்சை வேண்டுமென்றே நண்டிடம் விட்டாள். பொத், பொத், பொத். அறையில் இருந்த நான்கு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபது குஞ்சுகளும் போயின. ஆமையைக் காப்பாற்றச் செய்த விளையாட்டில் ஆமையைக் கொல்வதுதான் வேடிக்கையாக இருந்தது. அன்றிரவே அந்த ஒலியை எடுத்துவிட்டு, குஞ்சு கடலைத் தொடும்போது அலை ஒலியும் ஒரு துள்ளலும் வைத்தேன். எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கேதான் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அதைச் சரியான இடத்தில் வையுங்கள்.

சோதனையின்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக் குறிப்பெடுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீடியோ எடுப்பதானால் அதற்குத் தனியாக.

6. குரல்

ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் குரல் கட்டாயம் வேண்டும். துணிகள் நிறைந்த அலமாரிக்குள் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தாலே எதிரொலி அடங்கிவிடும், செலவு இல்லை. ஒரு வாக்கியம் ஒரு கோப்பாக இருக்கட்டும். குரல் கொடுத்தவர் உறவினராக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குழந்தையின் குரல் என்றால் பெற்றோர் கையெழுத்து.

7. குழந்தைகளைப் பற்றி எதையும் சேகரிக்காதீர்கள்

இந்த ஒரு முடிவு உங்களுக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தும். குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் கோப்பா சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதியில் அந்த வயது 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18. வலையில் வெளியிட்டால் எந்த நாட்டுக் குழந்தையும் ஆடும். பெயர் கேட்காதீர்கள், மின்னஞ்சல் கேட்காதீர்கள், மதிப்பெண்ணைச் சாதனத்துக்குள்ளேயே வையுங்கள். எத்தனை பேர் ஆடினார்கள் என்று எண்ணும் கருவியையும் விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். கவனியுங்கள்: நீங்கள் கேட்காவிட்டாலும், உள்ளே சேர்த்த ஏதாவது ஒரு செருகுநிரல் (பிறர் எழுதிய துணை நிரல்) சாதன எண்ணை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்.

எதையும் சேகரிக்கவில்லை என்றாலும் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி, நிலையான முகவரியில் வைக்க வேண்டும். ‘இந்த விளையாட்டு எந்தத் தகவலையும் சேகரிப்பதில்லை’ என்பதே அதன் முதல் வரி. உங்களைத் தொடர்புகொள்ளும் மின்னஞ்சலும் வேண்டும்.

8. வெளியிடுதல்: கட்டணமும் காத்திருப்பும்

முதலில் வலைப் பதிப்பாக வெளியிடுங்கள். இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணம் இல்லை, அன்றே வெளிவரும், பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. செயலிக் கடைகளுக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை. அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையில் உள்ள பெயரும் பதிவில் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும், முன்னெழுத்து உட்பட. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், பொதுவெளியீட்டுக்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) இருக்க வேண்டும். நான் சரியாக 12 பேரைச் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கிய கையோடு சோதனையிலிருந்து விலகிவிட்டார். மீண்டும் முதலிலிருந்து. இருபது பேரைச் சேருங்கள், பெரியவர்களாக. நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை இல்லை. ஆனால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், அது இலவசம்தான் என்றாலும் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். தனிநபர் கணக்கில் உங்கள் பெயர் பொதுவில் தெரியும். விளையாட்டுக்குப் பணம் வாங்கினால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி தெரியக் கூடாது என்றால் இதை முன்பே யோசியுங்கள்.

ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கட்டத் தவறினால் விளையாட்டு கடையிலிருந்து இறங்கிவிடும். பதிப்பை உருவாக்க மேக் கணினி வேண்டும். குழந்தைகள் பிரிவில் வைத்தால், வெளி இணைப்பும் வாங்கும் பொத்தானும் பெரியவர் மட்டுமே தாண்டக்கூடிய ஒரு தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். நான் வெளி இணைப்பையே எடுத்துவிட்டேன். கல்வி நிறுவனங்களுக்கும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் சில நாடுகளில் கட்டணவிலக்கு உண்டு. தகுதி இருந்தால் கேளுங்கள்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரை எட்டினால் திரும்பக் கிடைக்கும். பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், ‘விரைவில்’ என்ற பக்கமும் இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டை அங்கே தேடி வருகிறவர்கள் குறைவு என்பது என் எண்ணம், நான் போகவில்லை.

வயது மதிப்பீட்டுக் கேள்வித்தாளுக்குக் கட்டணம் இல்லை, பொய் மட்டும் சொல்லாதீர்கள். என் அழுங்கு ஆட்டத்தில் துப்பாக்கியோடு ஒரு வேட்டைக்காரர் இருந்தார். துப்பாக்கி இருந்தால் வயது ஏறும். அவரை எடுத்துவிட்டுச் சுருக்குக்கண்ணி வைத்தேன். கண்ணியை அவிழ்ப்பது சுடுவதைவிட நல்ல ஆட்டமாகவும் அமைந்தது. கூகுள் பிளேயில் இலக்கு வயதைக் கேட்கும் படிவத்தில், பெரியவர்களும் ஆடலாமே என்று எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி விதிகள், தனித்தனிக் கேள்விகள். மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 6 முதல் 8, 9 முதல் 12 இரண்டை மட்டும் வைத்தேன்.

ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கையொப்பமிடும் சாவிக்கோப்பு ஒன்று உருவாகும். அதையும் கடவுச்சொல்லையும் இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். தொலைத்தால் அடுத்த பதிப்பைத் தருவது பெரும்பாடு.

9. வெளியிட்ட பிறகு

நாட்காட்டியில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆப்பிள் சந்தா முடியும் நாள், தனியுரிமைப் பக்கம் இருக்கும் தளத்தின் முகவரி காலாவதியாகும் நாள், ஆண்டுக்கு இரு முறை சிவப்புப் பட்டியலைத் திறந்து ஐந்து விலங்குகளின் நிலையையும் ஏட்டோடு ஒப்பிடும் நாள். ஒப்பிட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. நிலை மாறியிருந்தால் ஒரு வரியைத் திருத்திப் புதிய பதிப்பாக ஏற்றுகிறேன். கடை அதைப் பார்த்து அனுமதிக்கச் சில நாட்கள் ஆகும். அதனால் பள்ளிகளில் காட்டுவதாக ஒப்புக்கொண்ட வாரத்தில் மட்டும் எதையும் ஏற்றாதீர்கள்.